இல்லாத வேண்டுதல்

அத்தியாயம் 14

காலையில் ஊசி, மாலையில் பூசை. இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று உமாமகேஸ்வரி கனவிலும் நினைக்கவில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், விஷயம் இவ்வளவுதான். உமாவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் தாண்டி உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் உயிரைக் காப்பாற்றிய மாத்திரைகள் உடம்பின் ஈரத்தை உறிஞ்சிவிட்டன. சிறுநீர் கழித்தால் எரிச்சல், வேகமாக நடந்தால் உரசல், கணவன் நெருங்கினால் கத்தியால் கீறுகிற வலி. ஹார்மோன் களிம்பு அவளுக்கு வேண்டாம் என்று கேன்சர் டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் ஒரு பெண் எந்த வாயால் புருஷனிடம் சொல்வாள்? ஒருநாள் கணவர் ரத்னவேல் ஆசையாகத் தோளில் கை வைத்தபோது, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குங்க."

என்ன வேண்டுதல், எதுவரைக்கும் என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேண்டுதலைத் துருவிக் கேட்டால் பலிக்காது என்று சொல்லி வளர்த்த குடும்பம் அது. மறுநாளே ஒரு மெத்தை வாங்கிவந்து ஹாலில் போட்டுப் படுத்துக்கொண்டார். கறி, மீன் என்று எதையும் தொடுவதில்லை. எல்லாம் தன் பொய்க்குத் துணையாக அவர் இருக்கிற விரதம் என்று நினைத்து நினைத்து உமா உள்ளுக்குள் நொந்துபோனாள். அவரோ பார்க்கிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "உமா மாதிரி வைராக்கியம் யாருக்கு வரும்?" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

போன வாரம் தலையில் இடியை இறக்கினார். வேண்டுதல் முடிக்கிற பூசை, சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் உமாவுக்கு அந்த வலிக்கான ஊசி.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

தெம்பனிஸ் வீட்டில் ரத்னவேல் பட்டு வேட்டியை அயர்ன் செய்துகொண்டிருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். எவ்வளவு பெரிய பெட்டியையும் அலுங்காமல் இறக்குவார் என்று பேர் வாங்கியவர். அந்த இரைச்சலில் காதுதான் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"உமா, செக்கப்பை இன்னொரு நாள் வெச்சிக்கக்கூடாதா? இன்னிக்கு எவ்ளோ வேலை கிடக்கு!"

"அவங்க குடுத்த நாளுங்க. விட்டா மறுபடி கிடைக்காது."

"சரி, போய்ட்டு வா. நானும் அக்காவும் தேக்கா சந்தையில பூ, பழம் வாங்கிடுறோம். நீ சாயங்காலம் நேரா கோயிலுக்கு வந்தா போதும்." அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சு உமா. நல்லபடியா முடிச்சிட்ட."

சந்தேகப்படுகிற புருஷனாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படி முழுசாக நம்புகிறவரை ஏமாற்றுவது மகா பாவம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மகள் நிவேதிதா லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். அம்மா பாத்ரூமில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதை ஒருநாள் கேட்டுவிட்டு, விஷயத்தைக் கறந்து, இப்படிப்பட்ட வலிக்கு ஊசி போட்டுப் பார்க்கிற ஓர் ஆராய்ச்சியைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஊருக்கே தைரியம் சொல்கிற பெண். எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அப்பாகிட்ட நான் பேசுறேன். ஃபைவ் மினிட்ஸ்ல முடிஞ்சிடும்."

"நீ பேசினா நான் செத்தே போயிடுவேன்டி."

"டிராமா பண்ணாதீங்க லா. அவரு என்ன புலியா, சிங்கமா?"

"புலியா இருந்தா ஓடிடலாம். அவரு நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே." உமா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது இருக்கட்டும். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? ஊசி போட்ட பிறகு லேசா ரத்தம் கசியலாம்னு."

"ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. பேட் வெச்சிக்கலாம், நான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதோட நான் எப்படிக் கோயிலுக்குள்ள போவேன்?"

"அம்மா, அது பீரியட் இல்ல. ஊசி குத்தின காயம்."

"எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மனசு ஒப்பாது."

கீமோவுக்குக் கலங்காதவள் இரண்டு சொட்டு ரத்தத்துக்குக் கலங்குகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் உமாவுக்கு அவள் நம்பிக்கை பெரியது. ஊசி போட்டுக்கொண்டால் கோயிலுக்குள் போக முடியாது. போகாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஊசி வேண்டாம் என்று திரும்பினாலோ ஆராய்ச்சியில் அவளுக்குக் கிடைத்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். வலி மட்டும் அவளோடேயே தங்கிவிடும்.

லிட்டில் இந்தியாவில் ரயில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கினார்கள்.

கிளினிக்கில் டாக்டர் லீலாதான் வாசலுக்கு வந்து அழைத்துப்போனார். அந்த டாக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். முதல் தடவை உமா வந்தபோது, "அந்த இடத்துல டாக்டர், கீழ, வந்து..." என்று தடுமாறினாள். டாக்டர் லீலா சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "பெண்ணுறுப்புல வலியா ஆன்ட்டி? உள்ளயா, வெளியவா? எரியுதா, கிழியுற மாதிரி இருக்கா?" என்று முழங்கால் வலியை விசாரிப்பதுபோல் விசாரித்தார். அந்தக் கேள்வியிலேயே உமாவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வலிக்காக ஒரு பெண் மாய்ந்து மாய்ந்து படித்து, அதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறாள் என்றால் அவளைக் கையெடுத்துத்தான் கும்பிட வேண்டும்.

இன்றைக்கு டாக்டர் உமாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். அது ஒரு சின்ன மெஷினில் விர்ரென்று சுற்றியது. நின்றதும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் அடர்ந்த சிவப்பு. மேலே தெளிந்த நெய் நிறம்.

"இது என் ரத்தமா டாக்டர்?" உமா ஆச்சரியத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க ரத்தம்தான் ஆன்ட்டி. கையை வெட்டிக்கிட்டா உடம்பு தானா ஆத்திக்குது இல்ல? அந்த வேலையைச் செய்யுற பிளேட்லெட் எல்லாம் மேல இருக்குற இந்த மஞ்சள்ல கெட்டியா சேர்ந்திருக்கு. தோல் மெலிஞ்சுபோன இடத்துல இதை ஊசியால வெக்கப்போறோம். திசு மறுபடி தழைக்க இது தூண்டிவிடும்னு எதிர்பார்க்குறோம்."

"கண்டிப்பா தழைக்குமா?"

"கண்டிப்பான்னு நான் சொன்னா என்னை நம்பாதீங்க." டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். "சிலருக்கு நல்லா கேட்குது. சிலருக்கு ஒண்ணுமே ஆகல. ஏன்னு தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. உங்க கேன்சர் டாக்டர் சரின்னு சொன்னதாலதான் உங்களைச் சேர்த்தேன். ஒரே ஊசியில இளமை திரும்பும்னு விளம்பரம் பண்றவங்க இருக்காங்க. நான் அப்படிப் பேச மாட்டேன் ஆன்ட்டி. உங்ககிட்ட நெசத்தைத்தான் சொல்லணும்."

உமாவுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. முன்பின் தெரியாத தன்னிடம் ஒரு சின்னப் பொய் சொல்லக்கூட இந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. தாலி கட்டின மனுஷனிடம் தான் என்ன செய்துவைத்திருக்கிறோம்? சாயங்காலம் அத்தனை பேர் முன்னால் அவர் கைகூப்பி நிற்கப்போகிறார், இல்லாத ஒரு வேண்டுதலுக்கு.

"டாக்டர், ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்."

"பண்ணுங்க. இதை ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது, சீக்கிரம்."

நிவேதிதா கண்ணை விரித்துப் பார்த்தாள். உமா அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு உமா!" தேக்கா சந்தை மொத்தமும் போனுக்குள் இரைந்தது. பின்னாலிருந்து ரத்னவேலின் அக்கா பாப்பம்மாளின் குரல்: "ரோஜா மாலை போதுமா, தாமரையும் வேணுமான்னு கேளு தம்பி!"

"ஸ்பீக்கரை அமத்துங்க."

"என்னது?"

"ஸ்பீக்கரை அமத்துங்க! அண்ணி கேட்கக் கூடாது!"

"நான் எதைக் கேட்கக் கூடாது?" என்றாள் பாப்பம்மாள்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு இரைச்சல் அடங்கியது. எங்கோ ஓரமாக ஒதுங்கியிருக்கிறார்.

"இப்ப சொல்லு."

"வேண்டுதல்னு ஒண்ணும் இல்லைங்க." உமாவுக்குக் குரல் நடுங்கியது. விடவில்லை. "நான் பொய் சொன்னேன். எனக்கு வலிச்சுது. நீங்க கிட்ட வந்தா வலிச்சுது. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் சாமி பேரைச் சொல்லிட்டேன். இப்பக்கூட செக்கப் இல்ல. அந்த வலிக்குத்தான் ஊசி போட வந்திருக்கேன்."



"எங்க இருக்க?"

சொன்னாள். போன் வைக்கப்பட்டது.

அவர் நடந்தே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அக்காவிடம் கொடுக்க மறந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் லீலா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நிவேதிதாவையும் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார்.

அறையில் இருவர் மட்டும். உமா டாக்டரைப் போலவே சொல்லிப் பார்த்தாள். பெண்ணுறுப்பு என்ற வார்த்தையைப் புருஷன் முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. ரத்னவேல் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

"நடந்தா, உட்கார்ந்தாகூடவா?"

"ஆமாங்க."

"வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் கிட்ட வந்திருப்பேனா உமா?"

"வந்திருக்க மாட்டீங்க. அப்புறம் ஒரேயடியா என்னைவிட்டுத் தள்ளிப் போயிடுவீங்களோன்னு பயம்."

"இப்ப மட்டும் என்ன?" அவர் குரல் உடைந்தது. "சாமிக்கு நேர்ந்துக்கிட்டவளாச்சேன்னு நான் உன் கையைக்கூடத் தொடலியே. ஒடம்பு முடியாம நீ முனகுவ. ஹால்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பேன். வந்து கையைப் பிடிச்சிக்கிட்டா உன் வேண்டுதல் கெட்டுடுமேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடப்பேன். கையைப் பிடிச்சிக்கிட்டாவது தூங்கியிருக்கலாமே உமா!"

உமா உடைந்துபோனாள். காது மந்தம், தூங்கியிருப்பார் என்று நினைத்துத்தானே வாய்விட்டு முனகினாள். அந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வாய் விட்டு அழுதாள். அவர் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூசையை நிறுத்திடுங்க," என்றாள் விம்மலுக்கு நடுவே. "இல்லாத வேண்டுதலுக்குப் பூசை எதுக்கு?"

"எதுக்கு நிறுத்தணும்? உன்னுது இல்லாம இருக்கலாம். என்னுது இருக்கே."

உமா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னை ஆபரேஷன் ரூமுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க பாரு, அன்னிக்கு நேர்ந்துக்கிட்டேன். உனக்கு முழுசா தேறிடுச்சுன்னு டாக்டர் வாயால சொல்ற வரைக்கும் கறி தொட மாட்டேன்னு. நீ கீமோ மயக்கத்துல கவனிச்சிருக்க மாட்ட. போன மாசம்தானே சொன்னாரு. உன் வேண்டுதலும் அதுக்காகத்தான் இருக்கும்னு நானா நினைச்சிக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாதேன்னு உன்கிட்ட கேட்கல."

இப்படியும் ஒரு மனுஷனா! தனக்காக விரதம் இருந்தவரைத் தன் பொய்க்குத் துணை போகிறவராக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்? உமாவுக்கு அந்த நிமிஷம் அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது.

"கோவம் வரலியா உங்களுக்கு?"

"வருது. நிறைய வருது. அதை நாளைக்கு வெச்சிக்கலாம். டாக்டரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க." எழுந்தவர் நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. இனிமே என்கிட்ட எதையும் மறைக்க மாட்டியே?"

"மறைக்க மாட்டேங்க. சத்தியமா."

ரத்தம் கசிந்தால் கோயிலுக்குள் வர முடியாதே என்பதையும் சொன்னாள். அவர் அதற்கும் சிரிக்கவில்லை. "உனக்கு மனசு ஒப்பலைன்னா வாசல்ல நில்லு. நான் உள்ள போய் முடிச்சிட்டு வரேன்."

ஊசி எரிந்தது. மரத்துப்போகிற களிம்பு தடவியும் எரியத்தான் செய்தது, அதை மறைப்பானேன். ஆனால் கதவுக்கு வெளியே புருஷனும் மகளும் ஒருவருக்கொருவர் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தபடி பேசிக்கொள்ளும் சத்தம் உமாவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பலன் தெரியக் கொஞ்ச காலம் ஆகும், அடுத்த ஊசிக்கு வர வேண்டும் என்றார் டாக்டர். உமா வருவதாகத் தலையாட்டினாள்.

சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், உமா பட்டுப்புடவையோடு ஒதுங்கி நின்றாள். உள்ளே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. நிவேதிதா சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். பாப்பம்மாள் கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"பூவையும் என்னையும் தேக்காவுல நடுரோட்டுல விட்டுட்டு ஓடினான் உன் புருஷன்! நீ ஏன் இங்க நிக்குற? பூசையே உனக்குத்தானே?"

பக்கத்தில் நின்ற ரத்னவேல் முந்திக்கொண்டார். "அவளுக்குத் தலைவலிக்கா. காத்தாட நிக்கட்டும்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். காது மடல்வரை சிவந்துவிட்டது. தன்னைக் காப்பாற்ற அவர் அப்படித் திண்டாடுவதைப் பார்க்க உமாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொய்யைத் தொலைக்கவே இவ்வளவு பாடு.

"தலைவலி இல்ல அண்ணி," என்றாள். புருஷனிடம், "நீங்க உள்ள போங்க," என்று அவரை அனுப்பிவிட்டு, பாப்பம்மாளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, வலி, பொய், இன்றைக்குப் போட்ட ஊசி.

பாப்பம்மாள் கத்துவாள், குடும்ப மானத்தை இழுப்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். செத்துப்போன தன் புருஷனோடு பாப்பம்மாள் போட்ட சண்டைகள் சொந்தத்தில் அவ்வளவு பிரசித்தம். அந்த மனுஷன் வேலை முடிந்து அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழேயே காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டு, நேரம் கழித்துத்தான் மாடி ஏறுவார் என்பார்கள்.

பாப்பம்மாள் கத்தவில்லை. செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுக்காரர் இருந்தாரே," என்றாள் கடைசியில். "வேலை முடிஞ்சு வந்து ஆசையா ஏதாச்சும் பேசுவாரு. உடனே நான் சண்டையை இழுப்பேன். குழம்புன்னு, சம்பளம்னு, அவங்க அம்மான்னு. சண்டை போட்டா கிட்ட வர மாட்டாரு லா. எனக்கு வேற வழி தெரியல உமா."

"அண்ணி..."

"எனக்கு அவரைப் பிடிக்காதுன்னு நினைச்சிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாரு."

ஊரே வாயாடி என்று சொன்ன இந்தப் பெண் இத்தனை காலம் இதை எப்படித் தாங்கினாள்? உள்ளே மணி அடித்தது. தீபாராதனைக்குக் கூட்டம் நெருக்கிக்கொண்டு போனது. பாப்பம்மாள் அசையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர், புருஷன் இல்லாதவளைப் பார்ப்பாங்களா? உனக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்பாங்களோ? எனக்கு இப்பவும் உட்கார்ந்தா எரியுது."

"கேட்க மாட்டாங்க அண்ணி. ஊசி எல்லாருக்கும் சரிப்படுமான்னு தெரியாது. ஆனா அவங்க உங்களைப் பார்ப்பாங்க. திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

பாப்பம்மாள் அவள் கையை இறுகப் பிடித்தாள். "தம்பிக்குத் தெரியக் கூடாது உமா. அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

காலையில்தான் புருஷனிடம் எதையும் மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த உமா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பிடி விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாக, ரத்னவேல் அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.